இங்கிலீஷ் மட்டும்

எனக்கு எதையும் சுலபத்தில் நம்பும் பழக்கம் கிடையாது. கடையில் ரீசார்ஜ் செய்தால்கூட போனில் மெசேஜ் வரும்வரை கடைவாசலை விட்டு நகர மாட்டேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். அப்படிப்பட்ட நான், முகம் தெரியாத ஐம்பது பேர் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து ஆடும் ஒரு போன் விளையாட்டில் போய் உட்கார்ந்தேன் என்றால் அதற்கு என் புருஷன்தான் காரணம்.

மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தவர், கோட்டக்குப்பத்து ஏஜென்ட் ஒருவர் மூலமாக வளைகுடாவுக்குப் போனார். போன பிறகுதான் தெரிந்தது, அந்த நாட்டில் எந்த ஆப்பிலும் பேச முடியாதாம். மெசேஜ் போகும், போட்டோ போகும், கால் மட்டும் எடுக்காது. சாதாரணக் கால் போட்டால் நிமிஷத்துக்குக் கொள்ளைக் காசு. குறுக்கு வழி இருக்கிறது என்று அறையில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 'மாட்னா ஜெயில்தான்டி, எனக்கு வேணாம்' என்று ஒதுங்கிவிட்டார். வாய்ஸ் நோட் அனுப்பலாம்தான். ஆனால் நான் காலையில் திட்டினால் அவர் மதியம் கேட்டுவிட்டுச் சாயங்காலம் பதிலை டைப் பண்ணி அனுப்புவார். அதற்குள் எதற்குத் திட்டினேன் என்பதே எனக்கு மறந்து போயிருக்கும். இப்படியும் ஒரு குடித்தனமா என்று எரிச்சல் எரிச்சலாக வரும்.

அவர் அறையில் எல்லோரும் அந்த விளையாட்டை ஆடினார்கள். ஊர் கட்டி, மதில் எழுப்பி, அடுத்தவன் ஊரைப் போய் அடிக்கிற விளையாட்டு. அதில் கூட்டம் சேர்ந்து ஆடுவதற்குக் கிளான் என்று பெயர். ஒரே கிளானில் இருப்பவர்கள் மைக் போட்டுப் பேசிக்கொள்ளலாம். போனில் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்த நாடு, இந்த மைக்கை மட்டும் எப்படியோ விட்டுவைத்திருந்தது. மாமா அதைக் கண்டுபிடித்த அன்றே என்னையும் அவருடைய கிளானில் சேர்த்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவோம். முறைமாமனாக இருக்க வேண்டும் என்றில்லை.

உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் எனக்கு வேலை. தகரக் கூரைக்குக் கீழே டவர் எடுக்காது. நாலு மணிக்கு வேலை விட்டதும் வெளியே வந்து, உப்பளத்து வரப்பில் குவியலின் நிழலாகப் பார்த்து உட்காருவேன். அங்கே சிக்னல் பிய்த்துக்கொண்டு வரும். மாமாவுக்கும் அந்நேரம் ஷிப்ட் முடிந்திருக்கும். நான் மைக்கில் பேசுவேன், அவர் கிளான் சாட்டில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை டைப் பண்ணிப் பதில் போடுவார். அறையில் ஆறேழு ஆண்கள். பொண்டாட்டியோடு கொஞ்சுகிறான் என்று ஓட்டுவார்களாம், அதனால் அவர் மைக்கைத் திறப்பதே இல்லை. எனக்கு அதிலும் ஒரு குறை. டைப் பண்ணின எழுத்தில் ஆள் பொய் சொல்கிறாரா என்று தெரியாது. 'இந்த வருஷம் கண்டிப்பா வந்துடுவேன்' என்று போடுவார். குரலைக் கேட்டால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். எழுத்தில் என்னத்தைக் கண்டுபிடிப்பது? இருந்தாலும் அன்றாடம் அந்த அரைமணி நேரம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

சாட்டில் எல்லா நாட்டு மொழியும் ஓடும். ஒவ்வொரு மெசேஜுக்கும் கீழே சின்னதாக ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் தமிழாக்கிக் காட்டும். அந்தத் தமிழ் ஒரு தினுசான தமிழ். லீடர் சண்டைக்கு முன்னால் வாழ்த்துச் சொன்னால் 'நல்ல அதிர்ஷ்டம் பையன்கள்' என்று வரும். 'மதிலைச் சாப்பிடு' என்று ஒருநாள் வந்தது. இதை நம்பி எப்படிச் சண்டை போடுவது? லீடர் எந்த நாட்டுக்காரர் என்பதும் தெரியாது. எல்லோரும் பெயருக்குப் பக்கத்தில் தங்கள் நாட்டுக் கொடியை வைத்திருந்தபோது அவர் மட்டும் வெறும் உலக உருண்டையை வைத்திருந்தார். சொந்த ஊரைச் சொல்லாத ஆளை எங்கள் கொட்டகையில் தண்ணீர் பிடிக்கக்கூட அனுப்ப மாட்டார்கள்.

மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்கிய சமயம் கிளான் வரிசையாகத் தோற்றது. நாங்கள் எந்தப் பக்கம் அடிக்கப்போகிறோம் என்பது எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. உள்ளே ஒற்றன் இருக்கிறான் என்று லீடர் எழுதினார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. பிரேசில்காரர்கள் தங்களுக்குள் நாலு வரி பேசினால் இந்தோனேசியாக்காரர்களுக்குச் சந்தேகம். இந்தோனேசியாக்காரர்கள் சிரித்தால் துருக்கிக்காரருக்குச் சந்தேகம். எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம். அவர்களுக்கு என் மேல் இருந்திருக்கும், ஏனென்றால் மைக்கில் மூச்சு விடாமல் புரியாத பாஷையில் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

லீடர் ஓட்டெடுப்பு வைத்தார். இனிமேல் சாட்டிலும் மைக்கிலும் இங்கிலீஷ் மட்டும். மீறினால் கிக், அதாவது கிளானை விட்டு வெளியே. ஞாயிற்றுக்கிழமை வரை ஓட்டுப் போடலாம்.

'இன்னா நியாயம் மாமா இது? இந்த ஐம்பது பேர்ல ஒருத்தராவது இங்கிலீஷ்ல தாலாட்டு கேட்டு வளந்தவங்களா?' என்று மைக்கில் கத்தினேன்.

'அதனாலதான்டி இங்கிலீஷ். யாருக்கும் சொந்தமில்ல, அதனால எல்லாருக்கும் பொது' என்று டைப் பண்ணினார். வளைகுடாவுக்குப் போய் ஞானம் வந்துவிட்டது அவருக்கு. எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. பிளஸ் டூவரை இங்கிலீஷ் படித்திருக்கிறேன். லீவ் லெட்டர் எழுதுவேன். 'இன்னிக்கி மீன் கொழம்புல புளி ஜாஸ்தியாயிடுச்சி, உன் ஞாபகத்துலதான்' என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? சட்டம் வந்துவிட்டால் எங்கள் அரைமணி நேரம் போச்சு.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் இன்னொன்று என் கண்ணில் பட்டது.

கிளானில் பிலிப்பைன்ஸ் கொடி வைத்த ஒரு பெண் இருந்தாள். பூனைக்குட்டிப் படம் வைத்திருப்பாள். மாமாவோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அந்த நாட்டுக்காரர்கள் என்பதால் அவர்கள் பாஷை அவருக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் தினமும் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கேட்பாள். பட்டனை அமுக்கினேன். 'சாப்பிட்டாயா?' என்று வந்தது. மாமாவும் சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்று பதில் போட்டிருந்தார். ஊர் பேர் தெரியாத பெண் சாப்பிட்டாளா இல்லையா என்று இவருக்கு என்ன வந்தது? மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குள் நுழையும் அவசரத்தில், அவள் எழுதியதில் ஒரு வார்த்தையைப் பட்டன் இல்லாமலே படித்துவிட்டேன். மஹால். அதற்கு மாமா 'மஹால் தலகா' என்று போட்டிருந்தார்.

கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டும் அக்காவிடம் காட்டினேன். அவங்களுக்குக் கண் பெரிதாகிவிட்டது.

'மஹால்னா கல்யாண மண்டபந்தான்டி. வேற இன்னா? ஈசிஆர் பூரா அதானே எழுதி வெச்சிருக்கான்.'

'அத எதுக்குக்கா இவங்க ரெண்டு பேரும் பேசறாங்க?'

'எனக்கு இன்னா தெரியும்? தலகான்னா ஒருவேளை ஏசி மண்டபமோ இன்னாவோ. எதுக்கும் உன் ஆளு மேல ஒரு கண்ணு வெச்சிக்க.'

வேலை விட்டதும் வரப்புக்கு ஓடி, பட்டனை அமுக்கினேன். 'அன்பே' என்று வந்தது. மாமா எழுதியதற்கு 'உண்மையான அன்பு' என்று வந்தது. மண்டபமாக இருந்தாலும் அன்பாக இருந்தாலும் என் குடி கெட்டது என்று ஆகிவிட்டது. சண்டை ஆரம்பித்திருந்தது, மைக்கில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

'மாமா! இன்னா மாமா இது? யாரு மாமா அவ? எந்த மஹால்ல மாமா? நான் இங்க உப்புல வெந்து சாவறேன், நீ அங்க அன்பேன்ற! மாமா! வாயத் தொறந்து பேசு மாமா!'

'ஐயோ வெயிட் பண்ணுடி. அப்பறம் சொல்றேன். எல்லாரும் கேக்கறாங்க' என்று டைப் பண்ணினார். கேட்கட்டும் என்று ஓவென்று அழுதேன். அன்றைய சண்டையிலும் கிளான் தோற்றது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு முடியும் நேரத்தில் அந்தப் பிலிப்பைன்ஸ்காரி இங்கிலீஷில் நீளமாக ஒரு மெசேஜ் போட்டாள். இவள் என்ன பஞ்சாயத்துப் பண்ண வருகிறாள் என்று பட்டனை அமுக்கினேன். தமிழ் கோணல் மாணலாக வந்தாலும் விஷயம் புரிந்தது. இங்கிலீஷ் சட்டம் போடுங்கள், ஆனால் அந்தக் குழந்தையை விட்டுவிடுங்கள். அது தன் தாயைக் கூப்பிட்டு அழுததை நாம் எல்லோரும் கேட்டோம். தாய் வேலை செய்யும் இடத்தில் வாய் திறக்க முடியாமல் எழுதிப் பதில் சொல்கிறாள். நானும் அடுத்தவர் வீட்டில் வேலை செய்கிறவள். எனக்கும் ஊரில் ஒரு மகள் இருக்கிறாள். அவர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொள்ளட்டும்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. 'எந்தக் கொழந்த மாமா? கிளான்ல கொழந்த வேற இருக்குதா?' என்று கேட்டேன்.

'லூசு, நீதான்டி கொழந்த. நான்தான் உங்கம்மா.'

அவர் விளக்கி டைப் பண்ணப் பண்ண எனக்குக் காது சூடாகியது. உலகத்தில் பாதிப் பேருக்கு மாமா என்றால் அம்மாவாம். என் குரலோ கீச்சுக் குரல். கேஸ் புக் பண்ணப் போன் போட்டால் 'பாப்பா, அம்மாகிட்ட குடும்மா' என்பார்கள். அந்தக் குரலில் தினமும் மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எழுத்தில் மட்டும் பதில் சொல்லும் மாமாவின் குரலை ஒருத்தரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் தாய்மாமனும் மாமா, மாமனாரும் மாமா, தெருமுனையில் நிற்கும் போலீஸும் மாமா. இத்தனை அர்த்தம் போதாதென்று அம்மாவையும் சேர்த்துவிட்டார்கள்.

'அப்ப மஹால்?'

'வெல ஜாஸ்தின்னு அர்த்தம்டி. மதிலு கட்றதுக்கு எவ்ளோ தங்கம் கேக்குது பாருன்னு சொன்னாங்க. ஆமா, நெஜமாவே ஜாஸ்திதான்னு நான் சொன்னேன்.'

நம்பிவிடுவேனா? போனில் தேடிப் பார்த்தேன். விலை அதிகம் என்றும் இருந்தது, அன்பு என்றும் இருந்தது. ஒரே வார்த்தையில் இரண்டையும் வைத்திருக்கும் பாஷையில் ஒரு பெண்ணும் என் புருஷனும் பேசிக்கொள்கிறார்கள். பாதிதான் நம்பினேன். மீதிப் பாதியை அப்படியே வைத்துக்கொண்டேன்.

லீடர் சட்டம் போட்டார். இங்கிலீஷ் மட்டும், அந்தக் குழந்தையும் அதன் தாயும் தவிர. எங்களுக்கு மட்டும் தமிழ்.

'உண்மையச் சொல்லிடலாம்டி. பாவம், நல்லவங்க' என்றார் மாமா.

'சொன்னா மைக் போயிடும். நீ வாய மூடிக்கினு அம்மாவாவே இரு' என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடமே பேச ஆரம்பித்தாள். அன்றாடம் விசாரிப்பு. சாப்பிட்டாயா? பள்ளிக்கூடம் போனாயா? தலை வாரினாயா? இவள் என்னைச் சோதிக்கிறாளோ என்று எனக்கு உதறல். வேண்டுமென்றே கேட்டு மாட்டிவிடப் பார்க்கிறாளா, லீடர் ஏவி விட்டாரா? ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுவிட்டு நழுவுவேன். என்னுடைய ஊருக்கு மதில் கட்டத் தங்கம் அனுப்பினாள். ஓசியில் ஒருத்தி கொடுக்கிறாள் என்றால் பின்னால் என்ன இருக்கிறதோ என்று அதையும் செலவழிக்காமல் வைத்திருந்தேன்.

ஒருநாள் எல்லோரும் பார்க்கும் சாட்டில் கேட்டாள். பட்டன் அன்றைக்கென்று பிசகில்லாமல் தமிழாக்கியது.

'அம்மா உன்னை விட்டுப் போனதில் உனக்குக் கோபமா?'

மாமா வளைகுடாவுக்குப் போன நாளிலிருந்து யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. மாமியார் கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, போனவரும் கேட்கவில்லை. எல்லோரும் அவர் அங்கே எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார்கள். பொய் சொல்ல வரவில்லை. தமிழிலேயே எழுதினேன்.

'ரொம்பக் கோவம். எதுக்குப் போனாங்கன்னு தெரியும். நம்ம நல்லதுக்குத்தான்னும் தெரியும். இருந்தும் கோவம். சாமான் அனுப்பினா இன்னும் கோவம் வருது. நேர்ல வந்து நின்னாத்தான் போவும்.'

அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிஷம் மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் மைக் விளக்கு எரிந்தது. முதலில் ஃபேன் சத்தம் கேட்டது. யாரோ தட்டுக் கழுவும் சத்தம். அப்புறம் அவருடைய குரல்.

'ஏய். அவ்ளோ கோவமாடி எம்மேல? எங்கிட்ட சொல்லவே இல்லியே.'

எத்தனை மாதம் கழித்து அந்தக் குரல்! நான் இருக்கும் இடம், சண்டை, சட்டம் எல்லாம் மறந்து போயிற்று. 'நீ கேட்டியா?' என்றேன். 'கேட்டியா மாமா நீ?' அவர் மூக்கை உறிஞ்சினார். நானும் உறிஞ்சினேன்.

சாட்டில் லீடர் கேட்டிருந்தார், யார் இந்த ஆண் என்று. மாமா இங்கிலீஷில் டைப் பண்ணினார்: ஐ ஆம் ஹஸ்பண்ட். மாமா மீன்ஸ் ஹஸ்பண்ட். பிறகு அந்தப் பிலிப்பைன்ஸ்காரி இங்கிலீஷில் ஒரே வரி எழுதினாள். பட்டன் தேவைப்படாமலே எனக்குப் புரிந்தது.

அப்படியென்றால் கோபமாக இருந்தது யார்?

தன் மகளுடைய பதிலாக நினைத்துக்கொண்டு அதைப் படித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ என்று இருந்தது. இந்தப் பதிலைப் பட்டனிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அது என்னத்தையாவது மாற்றிச் சொல்லி வைக்கும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே எழுதினேன். மீ ஆங்க்ரி. யுவர் டாட்டர் ஆல்சோ ஆங்க்ரி. யூ கோ ஹோம்.

நான் சொன்னது, நீங்க ஊருக்குப் போங்க என்று. அவங்க என்னைவிடப் பெரியவங்க, பிள்ளை பெற்றவங்க. எல்லா மரியாதையோடும்தான் சொன்னேன். ஆனால் இங்கிலீஷில் 'ங்க' கிடையாது. போங்க என்பதும் போ என்பதும் அங்கே ஒன்றுதான். உன் ஊருக்கு ஓடு என்று ஒரு வெளிநாட்டுப் பெண்ணைப் பார்த்து நான் சொல்லிவிட்டதாக லீடருக்குப் பட்டிருக்கிறது. எதற்கு, என்ன என்று ஒரு கேள்வி இல்லை. நீங்கள் கிளானிலிருந்து நீக்கப்பட்டீர்கள் என்று திரையில் வந்தது. தமிழ் பேசிய வரைக்கும் விட்டுவைத்தவர்கள், முதன்முதலாக இங்கிலீஷ் பேசியதற்குத் துரத்திவிட்டார்கள்.

மாமாவும் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நாங்களே ஒரு கிளான் ஆரம்பித்தோம். அதில் நாங்கள் இரண்டே பேர், சண்டைக்குக்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் மைக் இருந்தது. ஒருமுறை திறந்த வாயை மாமா பிறகு மூடவில்லை. அறையில் இருந்தவர்கள் ஓட்டத்தான் செய்தார்களாம், ஓட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். எங்கள் கிளானில் சேர ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. பூனைக்குட்டிப் படம். இவள் எதற்கு வருகிறாள், சண்டை போடவா, லீடர் வேவு பார்க்க அனுப்பினாரா என்றுதான் என் புத்தி முதலில் போயிற்று. விண்ணப்பத்தோடு ஒரு வரி எழுத இடம் கொடுப்பார்கள். அதில் அவள், எனக்குப் புரியட்டும் என்றோ என்னவோ, என்னைப் போலவே உடைந்த இங்கிலீஷில் எழுதியிருந்தாள். ஐ கோ ஹோம். டிக்கெட் ஓகே.

திரும்பத் திரும்பப் படித்தேன். மாமாவுக்கும் மைக்கில் படித்துக் காட்டினேன்.

'அவங்க ஊருக்குப் போறாங்களாம் மாமா.'

'அட! நல்ல விஷயந்தான்டி. பொண்ணு எவ்ளோ சந்தோஷப்படும்!'

'நீ எப்ப வர்ற?'

அவர் மைக் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சற்றுப் பொறுத்து, பழையபடி சாட்டில் ஒரு வரி வந்து விழுந்தது. 'சிக்னல் போயிடுச்சி, கொரல் கேக்கல.'

அவர் அறையின் ஃபேன் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது.